நாங்கள் கேட்காமல் விட்ட சாட்சி

1

கனடாவில் குடியுரிமை வாங்கினால் என்னவெல்லாம் கிடைக்கும் என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்காக நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். ஓட்டு, பாஸ்போர்ட், விமான நிலையத்தில் கொஞ்சம் சின்ன வரிசை. அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று 2009ஆம் வருஷம், பனி கரையத் தொடங்கிய ஒரு நாளில், தபாலில் வந்தது. நீதிமன்ற முத்திரை போட்ட உறை.

என் மனைவி செல்வி அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்னத்தச் செஞ்சு தொலைச்சீக?"

அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் சிவகாசிப் பக்கம் கோர்ட்டிலிருந்து காகிதம் வந்தால் வீட்டில் அடுப்பு அணைந்துவிடும். வாய்தா, வக்கீல், மறுபடியும் வாய்தா. டவாலி வராந்தாவில் நின்று பெயரை மூன்று தடவை கூப்பிடுவார். மூன்றாவது தடவைக்குள் ஓடிப் போய் நிற்காவிட்டால் அதற்கு வேறு ஒரு காகிதம் வரும். செல்வி ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்க்கிறாள், எத்தனையோ ரத்தத்தைப் பார்த்தவள்தான், அந்த உறையை மட்டும் அவள் பிரிக்கவே இல்லை.

பதினாலு வயது மகள் கிருபா வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள். "அம்மா, அப்பா ஒண்ணும் செய்யல. அப்பாவை ஜூரிக்குக் கூப்பிடுறாங்க. தீர்ப்பு சொல்ல."

இந்த நாட்டில் பெரிய குற்ற வழக்கு என்றால் ஊர் மக்களில் பன்னிரண்டு பேரைச் சீட்டுப் போட்டு எடுத்து உட்கார வைக்கிறார்கள். குற்றவாளியா இல்லையா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். சட்டத்தைச் சொல்வது நீதிபதி. முடிவைச் சொல்வது பஸ் டிரைவரும் பல் டாக்டரும் பேக்கரிக்காரரும். நான் அட்டைப்பெட்டி அச்சடிக்கிற கம்பெனியில் மெஷின் பார்க்கிறவன். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவன். சிவகாசி அச்சகத்தில் பட்டாசு லேபிள் திருத்தித் திருத்தித்தான் எனக்கு இங்கிலீஷே வந்தது. பற்றவைத்துவிட்டு விலகி நிற்கவும், அதுதான் நான் முழுதாகப் படித்த முதல் இங்கிலீஷ் வாக்கியம்.

முதலில் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். வயது என்ன, தொழில் என்ன, இங்கிலீஷ் புரியுமா, ஜெயிலுக்குப் போயிருக்கிறீர்களா. எல்லாவற்றுக்கும் தயங்காமல் எழுதினேன். இதற்கு முன் யாருக்காவது தீர்ப்புச் சொல்லியிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி அதில் இல்லை. இருந்திருந்தால் என் பேனா அங்கேயே நின்றிருக்கும்.

2

என் பெயர் சாமுவேல். அப்பா பெயர் மாசிலாமணி. ஊரில் மா. சாமுவேல் என்றால் முடிந்தது. இங்கே எல்லாக் காகிதத்திலும் அப்பா பெயர்தான் முன்னால் நிற்கும். அதனால் நீதிமன்றத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்திருந்த மண்டபத்தில் "மிஸ்டர் மாசிலாமணி" என்று கூப்பிட்டார்கள். அப்பா இறந்து பல வருஷமாகிறது. நான் எழுந்து போனேன்.

அங்கே ஒரு பழக்கம் இருக்கிறது. முன்னால் போய் நின்றதும் நீதிமன்ற ஊழியர், குற்றம் சாட்டப்பட்டவரைப் பாருங்கள் என்று நம்மிடம் சொல்கிறார். அப்புறம் குற்றம் சாட்டப்பட்டவரிடம், இவரைப் பாருங்கள் என்கிறார். இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு இரண்டு பக்கத்து வக்கீலும் வேண்டும் வேண்டாம் சொல்கிறார்கள். என்னை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வழக்கு என்ன, முடிவு என்ன, பன்னிரண்டு பேரும் உள்ளே என்ன பேசினோம் என்பதை நான் எழுதப் போவதில்லை. ஜூரி அறைக்குள் பேசியதை வெளியே சொல்வது இங்கே சட்டப்படி குற்றம். கேட்ட என் மைத்துனன் போனில் கோபித்துக்கொண்டான். "நம்ம ஊர்ல டீக்கடையில ஒரு நியாயம் பேசுனா மறுநாள் காரியாபட்டி வரைக்கும் போயிரும். நீக என்னமோ பெரிய ரகசியம் வச்சிருக்கீக!" என்றான். அவன் சொன்னதும் சரிதான்.

சொல்லக்கூடியது ஒன்று உண்டு. முகத்தைப் பார்க்க வைத்துவிட்டு, உட்கார்ந்ததும் நீதிபதி என்ன சொன்னார் தெரியுமா? பரிதாபமும் வேண்டாம், வெறுப்பும் வேண்டாம், இந்த அறைக்குள் கேட்டதை மட்டும் வைத்து முடிவு செய்யுங்கள் என்றார். எனக்குப் புதிய பாடமாக இல்லை. ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தது. எங்கள் வேதத்தில் மோசேயின் சட்டம் இதையே சொல்கிறது. பெரியவன் என்பதற்காக ஒருவனுக்குச் சாயக் கூடாது. இதை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அதே இடத்தில் இன்னொன்றும் இருக்கிறது: ஏழை என்பதற்காகவும் சாயக் கூடாது. முகதாட்சிணியம் என்ற பழைய வார்த்தையைப் போதகர்கள் இதற்குச் சொல்வார்கள். முகத்துக்காக நியாயத்தை வளைப்பது.

அந்த வார்த்தை தெரிந்துமே நான் வளைத்திருக்கிறேன்.

3

2002ஆம் வருஷம், தீபாவளி சீசன். விஸ்வநத்தம் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் பக்கம் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம். சின்னக் கோயில், நாற்பது குடும்பம். நான் சபைக் கமிட்டிச் செயலாளர். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

எங்கள் சபையில் தங்கராஜ் என்று ஒருவர். ஒரு பட்டாசு யூனிட்டில் போர்மேன். பட்டாசு ஆலையில் போர்மேன் வேலை என்பது பாதி வாயால் செய்கிற வேலை. காலையில் கேட்டில் நின்று செருப்பு, கொண்டை ஊசி, தீப்பெட்டி எல்லாவற்றையும் வெளியே வைக்கச் சொல்ல வேண்டும். நைலான் சேலை கட்டியிருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு ரூமில் நாலு பேர் என்று சுவரில் எழுதியிருந்தால் ஐந்தாவது ஆளை வெளியேற்ற வேண்டும். அப்புறம் நாள் முழுக்க ஒரே வார்த்தை: "தூக்கு! இழுக்காதே, தூக்கு!" மருந்து அடைத்த வெடி இருக்கிற பெட்டியைத் தரையோடு இழுத்தால், சிந்திக் கிடக்கிற மருந்தில் உரசிப் பற்றிக்கொள்ளும். அதனால் இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கித்தான் போக வேண்டும். தங்கராஜ் கல்யாண வீட்டில் நாற்காலியை இழுத்தால்கூட, "ஏ, தூக்குங்கப்பா!" என்று கத்துவார். சிரிப்பார்கள்.

ஒரு நாள் மதியம் அவர் யூனிட்டில் ஒரு ரூம் வாசல் படியில் மருந்து பற்றிக்கொண்டு குப்பென்று அடித்தது. நல்ல வேளை, வெடிகள் பற்றவில்லை. புஷ்பம் என்கிற பெண்ணின் சேலை முந்தி மட்டும் கருகியது. புஷ்பமும் எங்கள் சபைதான். புருஷன் நெஞ்சு நோய்க்காரர், இரண்டு பெண் பிள்ளைகள், இவள் கூலிதான் சோறு.

மறுநாள் கேட்டில் தங்கராஜ் அவளை நிறுத்திவிட்டார். "நீ பொட்டிய இழுத்தத எங்கண்ணால பாத்தேன். இந்தச் சீசனுக்கு நீ வரவேணாம்."

அவள் அழுதுகொண்டு கமிட்டிக்கு வந்தாள். நம் ஆட்களுக்குள் வழக்கு என்றால் நம்மிடையே தீர்த்துக்கொள்ள வேண்டும், வெளி ஆட்களிடம் போகக் கூடாது என்று வேதத்தில் இருப்பதை எங்கள் ஊரில் ரொம்பப் பிடிப்பாக வைத்திருந்தார்கள். விசாரிக்க மூன்று பேர்: நான், ஒரு மளிகைக் கடைக்காரர், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். கோயிலுக்குள் பெஞ்சைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தோம்.

புஷ்பம் வேதப்புத்தகத்தில் கை வைத்தாள். "நான் வேணும்னு ஒண்ணும் செய்யலய்யா" என்றாள். அப்புறம் அழுகை. நாங்கள் அடுத்த கேள்வி கேட்கவில்லை. கருகிய அந்தச் சேலையையே கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வேறு இல்லாமல் இருந்திருக்கும். எங்கள் மூன்று பேர் கண்ணும் அந்தக் கருகலிலேயே நின்றன.

தங்கராஜும் கை வைத்துச் சொன்னார். "பக்கத்து ரூம் வராந்தாவுல நின்னு பாத்தேன். இழுத்தா."

தபால்காரர் கேட்டார். "நீக ஒரு ஆளு. ரெண்டு சாட்சி வேணும்னு வேதம் சொல்லுதுல்ல?"

"இருக்கே. மாரியம்மா அதே ரூம்ல இருந்துச்சு. கூப்பிட்டுக் கேளுங்க."

மாரியம்மாள் பக்கத்துத் தெரு. அம்மன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிற பெண். நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வேதத்தில் கை வைக்காதவள் சொல்வது எப்படிச் சாட்சியாகும் என்றார் கடைக்காரர். சபை வழக்கில் வெளி ஆளை எப்படி உட்கார வைப்பது என்றேன் நான். நான்தான் சொன்னேன். நல்ல இலக்கணத் தமிழில் சொன்னேன்.

"அப்ப அந்தப் பிள்ளைக்குக் கண்ணு இல்லையா?" என்றார் தங்கராஜ்.

நான் நோட்டை விரித்து எழுதத் தொடங்கினேன். ஒரு சாட்சி போதாது, ஆகவே குற்றம் நிரூபணமாகவில்லை, ஆகவே புஷ்பம் மேல் தப்பில்லை, ஆகவே ஏழைப் பெண்ணின் பிழைப்பைக் கெடுத்ததற்காகத் தங்கராஜ் சபை முன் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்த மூன்று "ஆகவே"யும் என் கையெழுத்தில் சபையின் தீர்மான நோட்டில் இருக்கின்றன. முதல் ஆகவேயிலிருந்து மூன்றாவதுக்குப் பாதையே கிடையாது என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. ஏழைக்கு நியாயம் செய்துவிட்டோம் என்று மனம் நிறைந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து நின்றார். "நான் பாத்ததச் சொன்னேன். அது தப்புன்னு கமிட்டி சொல்லுது. தப்புன்னா மன்னிச்சிருங்க." வெளியே வரும்போது என்னிடம் மட்டும் மெதுவாக, "அண்ணே, நீக அந்தப் பிள்ள மொகத்தப் பாத்தே முடிச்சிட்டீக. எம்மொகத்தையும் கொஞ்சம் பாத்திருக்கலாம்" என்றார்.

புஷ்பம் வேலைக்குத் திரும்பினாள். ஆனால் அதற்கப்புறம் ஆலையில் அவர் "தூக்கு" என்றால், "ஞாயித்துக்கெழம வந்து மன்னிப்புக் கேட்டுக்கிருங்க போர்மேனய்யா, இப்ப வேலையப் பாக்க விடுங்க" என்று யாராவது சொல்வார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். புஷ்பம் மட்டும் சிரிக்க மாட்டாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அடுத்த தீபாவளியோடு அவர் வேலையை விட்டுவிட்டார். "எம்பேச்சு ஏறாத ரூம்ல நாலு உசுர வச்சுக்கிட்டு நான் நிக்க முடியாது" என்றாராம். மனைவி ஊரான காரியாபட்டிக்குப் போய் விதையும் கயிறும் விற்கிற கடை போட்டார்.

அதற்கு அடுத்த வருஷம் செல்விக்கு இங்கே வேலை கிடைத்தது. பற்றவைத்துவிட்டு நான் விலகி வந்துவிட்டேன்.

4

நீதிமன்றத்துக்கு வருகிறேன். மூன்றாம் நாள் என்று நினைவு. சாட்சிக் கூண்டில் வயதான பெண் ஒருவர் ஏறினார். எந்த நாட்டுக்காரர் என்று தெரியவில்லை, எங்களைப் போல வந்து குடியேறியவர். ஊழியர் கேட்டார், எந்தப் புனித நூலின் மேல் சத்தியம் செய்கிறீர்கள் என்று. மேஜையில் மூன்று நான்கு புத்தகங்கள் இருந்தன. அந்தப் பெண் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எதுவும் வேண்டாம், உண்மையைச் சொல்கிறேன் என்று வாயால் சொல்கிறேன், போதுமா என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நீதிபதி போதும் என்றார். எங்கள் பக்கம் திரும்பி, இவர் எப்படி உறுதி சொன்னார் என்பதை வைத்து இவர் வார்த்தைக்குக் கூடவோ குறையவோ மதிப்புக் கொடுக்காதீர்கள் என்றார். அரை நிமிடப் பேச்சு. உடனே கேள்விகள் தொடங்கிவிட்டன. மற்ற பதினொரு பேருக்கும் அது காதில் விழுந்து போன ஒரு வாக்கியம். எனக்கு விஸ்வநத்தம் கோயில் பெஞ்சு கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. "அப்ப அந்தப் பிள்ளைக்குக் கண்ணு இல்லையா?"

அன்று மாலை பஸ்ஸில் வரும்போது வேதத்தில் எனக்குத் தெரிந்ததை எல்லாம் மனதில் புரட்டினேன். வேதத்தில் கை வைக்காதவரைக் கேட்காதே என்று எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. ஊரில் பிறந்தவனுக்கும் வந்து தங்கியவனுக்கும் ஒரே சட்டம் என்றுதான் இருக்கிறது. அந்நியனின் நியாயத்தைப் புரட்டாதே என்று திரும்பத் திரும்ப இருக்கிறது. அதைப் புரட்டியது நாங்கள்தான். அதுவும் வேதத்தின் பெயரைச் சொல்லியே. இப்போது நான் வந்து தங்கியவன். இந்த ஊர்க்காரர்கள் என்னைக் கூப்பிட்டு, நீயும் உட்கார், நீயும் சொல் என்கிறார்கள்.

5

வேலைக்குப் போனால் என் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு மேஜை உண்டு. அச்சடித்த தாளில் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, மாதிரித் தாளையும் புதுத் தாளையும் ஒரே விளக்கின் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். சிவகாசியிலும் அப்படித்தான். ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் வைத்துப் பார்த்தால் எந்தச் சிவப்பும் சிவப்பாக இருக்காது. தொழிலில் முப்பது வருஷமாக இதைச் செய்கிறேன். புஷ்பத்தை வெயிலிலும் தங்கராஜை நிழலிலும் நிறுத்தியது அதே நான்தான்.

இதை வைத்து இந்தக் காலத்து நீதிமன்றம் உசத்தி, பழைய வேதம் தாழ்வு என்று யாரும் எழுத வேண்டாம். நான் அப்படி நினைக்கவில்லை. நீதிமன்றத்திடம் இருப்பது முறை. யாரையும் விடாமல் கேட்பது, கேட்டதை எழுதுவது, இரண்டு பக்கமும் குறுக்கே கேட்க விடுவது. நல்ல மனசு இல்லாதவன் உட்கார்ந்தாலும் அந்த முறை ஓரளவு காப்பாற்றும். எங்களுக்கு நல்ல மனசு இருந்தது, முறை இல்லை. ஆனால் நீதிமன்றத்திடம் இல்லாத ஒன்று வேதத்திடம் இருக்கிறது. தீர்ப்புச் சொல்கிறவனும் ஒரு நாள் தீர்ப்புக்கு நிற்க வேண்டும் என்கிறது அது. இங்கே தீர்ப்புத் தப்பென்றால் மேல் கோர்ட் மாற்றும். தப்பாகச் சொன்னவர் அந்த மனிதன் முன்னால் வந்து, நான் தப்பாகச் சொன்னேன் என்று சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு பேரும் கார் நிறுத்துமிடத்தில் கைகுலுக்கிவிட்டுப் பிரிந்துபோகலாம்.

சாப்பாட்டு மேஜையில் இந்தக் கதையைச் சொன்னேன். கிருபா இப்போதெல்லாம் எங்கள் தமிழ் ஆராதனைக்கு வருவதில்லை. ஞாயிறு காலை கூடைப்பந்து இருக்கிறது. ஊர்க் கதை தொடங்கினாலே காதில் பாட்டு மாட்டிக்கொள்வாள். அன்றைக்கு மாட்டவில்லை.

"அப்பா, அந்த மாரியம்மா ஆன்ட்டி பக்கத்துத் தெருதானே?"

"ஆமா."

"எத்தனை நிமிஷம் நடக்கணும்?"

"ரெண்டு நிமிஷம்."

"அப்ப ஏன் கேக்கல?"

அவளுக்குக் கேள்வி அவ்வளவுதான். நான் வேதத்திலிருந்தும் ஊர் வழக்கத்திலிருந்தும் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். செல்வி குழம்பை ஊற்றிக்கொண்டே, "ஒங்க அப்பா மூணு 'ஆகவே' வச்சிருக்காரு, கேளு" என்றாள். மகள் சிரிக்கவில்லை. தட்டைக் கழுவ எடுத்துப் போனாள்.

6

சனிக்கிழமை காலை போன் கார்டு வாங்கி வந்தேன். இங்கே எட்டு மணி என்றால் காரியாபட்டியில் சாயங்காலம், கடையில் கூட்டம் குறைந்திருக்கும். ஐந்து வருஷமாகப் பேசாதவனிடம் எப்படித் தொடங்குவது என்று ஒரு தாளில் எழுதியே வைத்திருந்தேன்.

"யாரு, சாமுவேல் அண்ணனா? சொகமா இருக்கீகளா? பனியெல்லாம் பெய்யுதாமே, எம்புட்டு ஒசரம் பெய்யும்?"

முழங்கால் வரை என்றேன். பிள்ளைகளை விசாரித்தார். விதை வியாபாரம் மழையைப் பொறுத்தது என்றார். நான் தாளைப் பார்த்துப் படிக்கிறவன்போல, "தங்கராஜ், அன்னைக்குப் புஷ்பம் விஷயத்துல நான் ஒங்களுக்கு அநியாயம் செஞ்சுட்டேன். மன்னிச்சிருங்க" என்றேன்.

வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. என்னைய நாப்பது குடும்பத்துக்கு முன்னால நிப்பாட்டுனீக. நீக போன்ல கேக்கீக."

"அது சரிதான்."

"நான் சொன்னதுதான் சரின்னு நீக சொல்லவேணாம். ஒங்களுக்கு எப்பிடித் தெரியும், நீக அங்கன இல்ல. நான் கைகாட்டுன ஆளக் கேக்காம விட்டுட்டோம்னு மட்டும் சொல்லுங்க. அந்த நோட்டுல எழுதுங்க. அம்புட்டுத்தேன் எனக்கு."

அவர் கேட்டது எவ்வளவு சரியாக அளந்து கேட்டது என்று போனை வைத்த பிறகுதான் புரிந்தது. இப்போது அவர் மேல் இரக்கப்பட்டு, அவர்தான் சரி என்று நான் எழுதினால் அதுவும் முகதாட்சிணியம். புஷ்பத்தை நிழலில் தள்ளிவிடுவேன். அவர் அதைக் கேட்கவே இல்லை.

டிசம்பரில் விடுமுறை போட்டு டிக்கெட் எடுத்தோம். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு என்று எல்லாரிடமும் சொன்னோம். கிருபா, கூடைப்பந்துப் போட்டியை விட்டுவிட்டு வருகிறேன் என்று தானாகவே சொன்னாள்.

7

சபையில் இப்போது வேறு கமிட்டி, வேறு போதகர். சின்ன வயசுக்காரர். நான் விஷயத்தைச் சொன்னதும், ஆராதனை முடிந்ததும் எல்லாரையும் உட்காரச் சொல்கிறேன் என்றார். பழைய நோட்டைப் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மை கொஞ்சம் மங்கியிருந்தது. மூன்று "ஆகவே"யும் அப்படியே இருந்தன.

மாரியம்மாளை நான் முந்தின நாளே போய் அழைத்திருந்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, கிருபா கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள். புஷ்பத்திடமும் போய், இதுதான் நடக்கப் போகிறது, நீயும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். "வாரேன்ணே" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். தங்கராஜ் முதல் பஸ்ஸிலேயே காரியாபட்டியிலிருந்து வந்துவிட்டார். உள்ளே வராமல், செருப்பு கழற்றுகிற இடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடிந்த பிறகுதான் உள்ளே வந்தார்.

அவர் அன்றைக்கு நின்ற இடத்திலேயே நான் நின்றேன். எழுதி வைத்ததை எல்லாம் விட்டுவிட்டேன். "ஏழு வருஷத்துக்கு முன்னால் இவர் ஒரு சாட்சியைக் கேட்கச் சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. கேட்காமலே தீர்ப்பு எழுதியது நான். யார் சரி என்று எனக்குத் தெரியாது. கேட்காதது தப்பு. என்னை மன்னித்துவிடுங்கள், தங்கராஜ்" என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

பின்வரிசையிலிருந்து, "அப்ப இன்னைக்காவது கேப்பீகளா, இல்ல நான் அடுப்பப் போட்டுட்டு வந்தது வீணா?" என்று சத்தம் வந்தது. மாரியம்மாள்.

போதகர் பழக்கத்தில் வேதப்புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். மாரியம்மாள் அவரைப் பார்த்து, "நான் கை வச்சா அதுக்கு ஒண்ணும் ஆயிராதுல்லய்யா?" என்றாள். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, புத்தகத்தைக் கீழே வைத்தார். "நடந்ததச் சொன்னாப் போதும்மா."

"முந்தின நாள் கொழாயடில வழுக்கி விழுந்து எனக்கு இந்த மணிக்கட்டு பெசகிப்போச்சு. சொன்னா போர்மேன் வேலைக்கு விட மாட்டாரு. முந்தியில மறச்சுக்கிட்டுப் போயிட்டேன். பொட்டிய அந்தப் பக்கம் புடிச்சது நாந்தேன். வாசப்படிக்கிட்ட வரயில கை விட்டுப்போச்சு. இவ ஒத்தையில புடிச்சுக்கிட்டே ரெண்டடி இழுத்துட்டா. கதவு மறைச்சதுல போர்மேனுக்கு என்னையத் தெரிஞ்சிருக்காது. இழுத்தது இவ. இழுக்க வச்சது நான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்ல. கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போகப் போறாகன்னு குளிச்சுட்டு வாசல்லயே ஒக்காந்திருந்தேன். ஒருத்தரும் வரல."

தங்கராஜ் மெதுவாகப் புஷ்பம் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

புஷ்பம் தலை நிமிராமல், "சொன்னா அவளையும் நிப்பாட்டியிருப்பீகளே" என்றாள்.

தங்கராஜ் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "நிப்பாட்டித்தேன் இருப்பேன்" என்றார். முதலில் சிரித்தது மாரியம்மாள். அப்புறம் அவரே சிரித்தார். புஷ்பம் சேலை முந்தியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீக தப்பாச் சொல்லலண்ணே. ஏழு வருசமா எனக்குத் தெரியும்" என்றாள். அதற்கு அவர், "சரி விடும்மா" என்றார்.

நான் நோட்டை விரித்து, பழைய தீர்மானத்துக்குக் கீழே, தங்கராஜ் கைகாட்டிய சாட்சியை அன்றைக்குக் கேட்காமல் விட்டோம் என்று முதலில் எழுதினேன். சாட்சி சொன்னவர் மாரியம்மாள் என்று எழுதிவிட்டு, அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினேன். ஒரு "ஆகவே"யும் போடவில்லை. தங்கராஜ் பக்கத்தில் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

படித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் கிறீச்சென்று ஒரு சத்தம். இந்தக் கூட்டத்துக்காகத் திருப்பிப் போட்டிருந்த பெஞ்சைப் பழைய இடத்துக்கு யாரோ இழுத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் கிருபா. ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டு தரையோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

தங்கராஜ் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏ, தூக்கு! இழுக்காதே, தூக்கு!" என்று கோயில் அதிர ஒரு சத்தம் போட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. கிருபா அப்படியே நின்றுவிட்டாள். புஷ்பமும் மாரியம்மாளும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஓடிப் போய்க் குனிந்து பிடித்தார்கள். பெஞ்சு தரையை விட்டு எழும்பியது.